இரண்டாவது வரிசை, ஏழாவது குழி

அத்தியாயம் 16-அ

கிரீம் கேக்குகள் மொத்தம் முப்பத்தாறு. அதில் இருபத்தெட்டைப் பாதிரியாரின் நாய் தின்றது. மீதி எட்டு டிராம் வண்டிக்கு அடியில் போயிற்று. அந்த எட்டைப் பற்றி நாய்க்கு இன்னும் வருத்தம் இருக்கும்.

இத்தாலியில் டூரின் நகரத்து ரொசோத்தோ மோட்டார் கம்பெனி நான்கு வருடமாக உருவாக்கி வரும் குட்டிக் குடும்பக் காரின் பெயர் சிகாலா. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு மாமியார், மாமியாரின் பெட்டி, அத்தனையும் உள்ளே அடங்க வேண்டும். நீளம் மட்டும் நாலு மீட்டரைத் தாண்டக் கூடாது. சோதனைக்குச் செய்த முதல் காரைக் கம்பெனித் தலைவர் அமெதேயோ ரொசோத்தோ போன ஞாயிற்றுக்கிழமை தானே ஓட்டிக்கொண்டு பூசைக்குப் போனார். வழியில் மாமியாருக்கென்று கேக் தட்டு வாங்கி, ரிப்பன் கட்டி, டிக்கியில் வைத்தார். தேவாலயத்துக்கு எதிரே டிராம் தண்டவாளத்தில் ஏறி இறங்கியதும் டிக்கிக் கதவு தானாகத் திறந்துகொண்டது.

மாமியார் பின்சீட்டில் இருந்தார். அதற்குப் பிறகு அவர் பேசியதை எழுதினால் இந்தப் புத்தகத்தைக் குழந்தைகள் படிக்க முடியாது.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நானும் என் முதலாளி ஒத்தாவியோ பெர்னேங்கோவும் அந்தப் பட்டறைக்குள் நுழைந்தோம். பெர்னேங்கோ துப்பறிகிறவர். நான் பினூச்சா, அவர் துப்பறியும்போது எங்கே கண்ணாடி வைத்தார் என்று துப்பறிகிறவள். பதினோரு வருடமாக இதே பிழைப்பு.

காலையிலேயே அவர் முரண்டு பிடித்தார். "இன்னிக்குப் புது கேஸ் வேணாம் பினூ. தேதி சரியில்ல" என்றார். "போன வாரமும் இதையே சொன்னீங்க, அன்னிக்கு மழை சரியில்லன்னீங்க" என்று கோட்டை மாட்டி விட்டு இழுத்துக்கொண்டு வந்தேன்.

தலைவர் ரொசோத்தோ எங்களை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். குட்டையான மனிதர், குரல் மட்டும் ஆறடி.

"பெர்னேங்கோ, நாலு மணிக்கு நிர்வாகக் குழு வருது. காருக்குக் கையெழுத்துப் போடணும். அதுக்குள்ள இது யாரோட வேலைன்னு தெரியணும். தெரியலன்னா டிராயிங் போட்ட பொண்ண அஞ்சு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

"அந்தப் பொண்ணுதான் தப்பு பண்ணுச்சுன்னு எப்படிச் சொல்றீங்க ஐயா?" என்று நான் கேட்டேன்.

"எங்க மாமியார் யாரையாவது பலி கேக்கறாங்கம்மா!"

அந்தப் பெண் தன் டிராயிங் மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். நிவேஸ் காலேசியோ, வயது இருபத்தாறு. காதுக்குப் பின்னால் ஒரு பென்சில், கொண்டையில் இன்னொன்று. சிகாலாவின் பின்பக்கம் முழுவதும் அவள் வரைந்தது. டிராயிங்கின் மூலையில் 'வரைந்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. யார் வரைந்தாலும் அதில் பிரிவு மேலாளர் பெயர்தான் ஏறும். இந்தக் காரில் அந்தக் கட்டத்தைத் தனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். கட்டம் இன்னும் காலியாம். அதைக் கேட்டதும் எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று, அதை நான் ஒளிக்கப் போவதில்லை.

"என் டிராயிங் சரி மேடம்" என்றாள். "மூணு தடவ சரிபார்த்தேன். டிக்கிக் கதவோட கீலுக்கு அடியில ரெண்டு இரும்புக் கட்டை வரும், இடப்பக்கம் ஒண்ணு, வலப்பக்கம் ஒண்ணு. ரெண்டும் ஒரே கனம் இருக்கணும். வண்டியில இருக்கறத நேத்து அளந்தேன். இடது கட்டை ஒரு மில்லிமீட்டர் கம்மி. வலது கட்டை ஒரு மில்லிமீட்டர் ஜாஸ்தி. கதவு சாஞ்சு நிக்குது, பூட்டு பிடிக்கல."

"என்ன கனம் எழுதியிருந்தே?" என்றார் பெர்னேங்கோ.

நிவேஸ் வாயைத் திறந்தாள். அதற்குள் பட்டறையில் யாரோ சுத்தியலைக் கீழே போட்டார்கள். தலைவர் அவசரமாகக் கையை உயர்த்தினார்.

"எண்ணைச் சொல்லக் கூடாது! ரகசியம். தலைமை இன்ஜினீயர் ஸ்பிண்டன் உத்தரவு. கார் சந்தைக்கு வர்ற வரைக்கும் ஒரு அளவைக் கூட வெளியாள்கிட்ட சொல்லக் கூடாது. டிராயிங்கும் அவரோட பீரோவுலதான் இருக்கு. அவர் கார் விளக்கு செய்யற கம்பெனியப் பாக்க இவ்ரேயா ஊருக்குப் போயிருக்கார், நாலு மணிக்கு வந்துடுவார்."

ஸ்பிண்டன் சுவிட்சர்லாந்தின் சூரிச்காரர். அவருடைய உத்தரவுகளில் பாதியை இந்தப் பட்டறை காற்றில் விட்டுவிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த ஒரு உத்தரவை மட்டும் எல்லோரும் மிகுந்த பக்தியோடு கடைப்பிடித்தார்கள்.

பெர்னேங்கோ மீசையைத் தடவினார். "இடப்பக்கம் ஒண்ணு கம்மி, வலப்பக்கம் ஒண்ணு ஜாஸ்தி. இது கவனப்பிசகு இல்ல பினூ. சதி. எதிரிக் கம்பெனி ஆள் உள்ள இருக்கான்."

"ரொம்ப நியாயமான சதிகாரன் பாஸ். இங்க எடுத்தத அங்க வச்சிருக்கான்."

"நீ சும்மா வா."

கட்டைகளை எதை வைத்துச் சரிபார்ப்பார்கள் என்று கேட்டோம். பண்டகசாலைக்குக் கை காட்டினார்கள். அங்கே எர்சீலியா என்ற அம்மாள் இடுப்பில் ஒரு கிலோ சாவியோடு உட்கார்ந்திருந்தாள். அளவுக் கட்டைகள் வைக்கும் மரப்பெட்டியைத் திறந்து காட்டினாள். பளபளவென்று எஃகுக் கட்டைகள், ஒரு மில்லிமீட்டரிலிருந்து ஒவ்வொரு மில்லிமீட்டராகக் கூடி, வரிசைக்குப் பத்து. முதல் வரிசை நிறைந்திருந்தது. இரண்டாவது வரிசையில் ஏழாவது குழியில் மட்டும் கட்டை இல்லை. அதற்குப் பதிலாக இருமல் மிட்டாய் இருந்தது.

"ஆஹா!" என்றார் பெர்னேங்கோ.

"ஒண்ணு எடுத்துக்கங்க. தொண்டைக்கு நல்லது" என்றாள் எர்சீலியா.

"இந்தக் குழியில இருந்த கட்டை எங்க?"

"குப்பைக் கூடையில போட்டேன்."

"எஃகுக் கட்டையையா? ஏன்?"

எர்சீலியாவின் கை சாவிக் கொத்துக்குப் போயிற்று. "குழியில சரியா உக்காரல. ஆடிக்கிட்டே இருந்துச்சு. நானும் மூணு தடவ குப்பையில போட்டேன், மூணு தடவையும் மறுநாள் காலையில பெட்டிக்குள்ள வந்து உக்காந்திருந்துச்சு. நாலாவது தடவ போட்டேன். அப்புறம் ஆளக் காணோம்."

"அக்கா, யாரு எடுத்து எடுத்து வச்சிருப்பாங்க?" என்றேன்.

"யாரோ கண்ணு தெரியாதவங்க" என்று சொல்லிவிட்டு எனக்கும் ஒரு மிட்டாய் கொடுத்தாள்.

வெளியே வந்ததும் பெர்னேங்கோ என் தோளைப் பிடித்தார். "அந்தக் கட்டைதான் துப்பு. சரியான அளவு யார் கண்ணுக்கும் படக் கூடாதுன்னு சதிகாரன் அத எடுத்துட்டான். கட்டை யார்கிட்ட இருக்கோ, அவங்கதான் ஆள்."

அப்போது அது எனக்கும் சரியாகத்தான் பட்டது. பதினோரு வருடப் பழக்கத்தில் இப்படி அவரோடு ஒத்துப்போவது ஆபத்து என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இடது கட்டையைச் செய்தவர் மாஸ்டர் கௌதென்ஸியோ, மலைப்பக்கத்துக்காரர், சிரிப்பதற்கு வரி உண்டு என்று நினைப்பவர். வலது கட்டையைச் செய்தவர் காலோஜெரோ, சிசிலியிலிருந்து வந்தவர், கையைக் கட்டிப் போட்டால் ஊமையாகிவிடுவார். இருவர் மேஜையும் எதிரெதிரே. மூன்று வருடமாக இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஒரு சீட்டாட்டத்தில் யார் எந்தச் சீட்டைப் பார்த்தார்கள் என்பதில் தகராறு.

நாங்கள் போனபோது கௌதென்ஸியோ காரின் அடியில் படுத்துக்கொண்டு உதவியாளிடம் ஸ்பேனர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பதினஞ்சு குடு. ம். பதினாறு. ம். இப்ப தடியன். தடியனக் குடுடா! ம். பதினெட்டு."

ஒரு ஸ்பேனருக்கு மட்டும் செல்லப்பெயரா என்று நினைத்துக்கொண்டேன். ஆண்கள் கருவிகளுக்குக் காட்டும் பாசத்தை வீட்டில் காட்டினால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

"மாஸ்டர், நீங்க செஞ்ச கட்டை ஒரு மில்லிமீட்டர் கம்மியாமே?" என்று பெர்னேங்கோ குனிந்து கேட்டார்.

கௌதென்ஸியோ வெளியே வந்தார். மேஜை விளிம்பில் இருந்த இடுக்கி வைஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"நாப்பது வருஷம் சார். ஒரு மயிரிழை பிசகினதில்ல."

"இப்ப ஒரு மில்லிமீட்டர் பிசகியிருக்கே?"

"குடுத்த எண்ணுக்கு ரொம்பக் கிட்டக்கதான் செஞ்சேன்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அவருடைய டிராயிங் நகலைக் கேட்டேன். காட்டினார், ஆனால் எண் இருந்த இடத்தின் மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டார். ரகசியமாம்.

காலோஜெரோவும் அதே கதைதான். அரத்தைத் தடவித் தடவிப் பேசினார். "அண்ணே, ஜாஸ்தியா ஏன் செஞ்சீங்க?" என்றேன். "தங்கச்சி, இரும்பு ஜாஸ்தி இருந்தா தேய்ச்சுக்கலாம். கம்மியா இருந்தா என்ன பண்றது? அந்த எதிர் மேஜைக்காரருக்கு இது தெரியாது. தெரிஞ்சா சீட்டாட்டத்துல ஏன் தோக்கறார்?" என்று இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கினார். அவர் நகலில் எண் இருந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ரகசியத்துக்கு மருந்துப் பெட்டி வரை போயிருக்கிறார்.

ஆனால் இரண்டு நகலிலும் இன்னொன்று இருந்தது. இடது மேல் மூலையில், ஒரே இடத்தில், ஒரே அளவில், சின்னச் செவ்வகமாக எண்ணெய்க் கறை.

"பாஸ், இந்தக் காகிதம் எங்கேயிருந்து வருதோ, அங்க யாரோ ஒரு இரும்பக் காகிதம் பறக்காம இருக்க மேல வைக்கறாங்க. எண்ணெய் பூசின இரும்பு. எர்சீலியா அக்கா பெட்டியில இருந்த கட்டை எல்லாத்துலயும் எண்ணெய் பூசியிருந்துச்சு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். காகிதம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பெர்னேங்கோவுக்கு ஏற்கெனவே உறைத்துவிட்டது. நேராக நிவேஸின் மேஜைக்குப் போனார். மேல் இழுப்பறையைத் திறந்தார். பென்சில்கள், ஒரு பாதி ஆப்பிள், கைக்குட்டை. கைக்குட்டைக்குள் எஃகுக் கட்டை.

சரியாக மூன்று ஐம்பத்தைந்து. நிர்வாகக் குழுவின் ஆறு பேர் படியேறி வந்துகொண்டிருந்தார்கள். பட்டறையே காரைச் சுற்றிக் கூடியிருந்தது.

"குப்பையில கெடந்துது சார்" என்றாள் நிவேஸ். "மூணு தடவ எடுத்துப் பெட்டியில வச்சேன். திரும்பத் திரும்பத் தூக்கிப் போட்டாங்க. அதான் நானே வச்சுக்கிட்டேன். அது இல்லாம எப்படிச் சரிபார்க்கறது?"

"நல்ல கதை" என்றார் தலைவர். "பெர்னேங்கோ, பாராட்டுகள். நிவேஸ், உன் பென்சில்கள எடுத்துக்க."

அவள் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேஜையில் வைத்தாள். கொண்டையிலிருந்ததை எடுக்க மறந்துவிட்டாள். அவளைப் பிடித்துக் கொடுத்தது என் வாய்.

"பாஸ், ஒரு நிமிஷம்" என்றேன். "திருடி ஒளிச்சு வைக்கறவ மூணு தடவ திருப்பி வைப்பாளா?"

"பினூ, கேஸ் முடிஞ்சுது."

அப்போதுதான் வாசலில் ஸ்பிண்டன் தெரிந்தார். ஒட்டடைக் குச்சி மாதிரி உயரம், கையில் குடை. எங்கள் மொழியைப் புத்தகம் வைத்துக் கற்றவர், ஆகவே புத்தகம் போலவே பேசுவார்.

"வணக்கம். இங்கே ஏன் கூட்டம்?"

"அளவுக் கட்டை ஒண்ணு காணாமப் போய் இந்தப் பொண்ணுகிட்ட கெடச்சிருக்கு" என்றார் தலைவர்.

"எந்தக் கட்டை?" ஸ்பிண்டன் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு பட்டறை முழுக்கக் கேட்கும்படி, தெளிவாக, அழுத்தந்திருத்தமாகச் சொன்னார். "ஆ! இது பதினேழு!"

அதற்குப் பிறகு நடந்ததை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

கௌதென்ஸியோவின் கை வைஸுக்குப் பாய்ந்தது. காலோஜெரோ அரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். எர்சீலியா ஒரு கிலோ சாவியையும் இரண்டு கையால் பிடித்தாள். பட்டறையில் இருந்த நாற்பது பேரும் ஆளுக்கொரு இரும்பைத் தொட்டார்கள். கிடைக்காதவர்கள் பக்கத்தில் இருந்தவனின் பெல்ட் கொக்கியைத் தொட்டார்கள். நிர்வாகக் குழுவின் ஆறு பேரும் மாடிப்படிக் கம்பியைப் பிடித்தார்கள். தலைவர் ரொசோத்தோ காரின் பானெட்டின் மேல் ஏறக்குறைய படுத்தேவிட்டார்.

துரதிர்ஷ்டம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க இரும்பைத் தொட வேண்டும். இது எங்கள் ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். மற்ற நாட்டுக்காரர்கள் பதின்மூன்றுக்குப் பயப்படட்டும்; எங்களுக்கு எமன் பதினேழு.

தொடாமல் நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஸ்பிண்டன், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொருத்தி நிவேஸ்.

என் முதலாளியைத் தேடினேன். மேதை துப்பறிவாளர் என் கைப்பையின் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாஸ்" என்றேன் மெதுவாக. "பக்கத்துக் கதவு பதினாறு. நம்ம ஆபீஸ் கதவுல என்ன நம்பர்?"

"பதினாறு-அ" என்றார் தரையைப் பார்த்தபடி.

என் கை எங்கே இருந்தது என்று யாரும் கேட்காதீர்கள். கொண்டை ஊசியும் இரும்புதான்.

பெர்னேங்கோவிடம் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. தோற்றது தெரிந்துவிட்டால் உடனே ஜெயித்த பக்கம் போய் நின்றுகொள்வார். தொண்டையைக் கனைத்தார்.

"ஐயா, சதிகாரங்களப் பிடிச்சுட்டேன். இரும்பைத் தொட்டவங்க எல்லாரும் ஒரு அடி முன்னால வாங்க."

ஒருவரும் அசையவில்லை. தலைவர் பானெட்டிலிருந்து மெல்ல இறங்கி டையைச் சரிசெய்தார்.

"மாஸ்டர்" என்றார் பெர்னேங்கோ. "டிராயிங்ல அந்த எண்ணப் பார்த்தீங்க. கை வரல. பதினாறா செஞ்சீங்க."

கௌதென்ஸியோ நாற்பது வருடத்தில் முதல் தடவையாகச் சிவந்தார். "எனக்கு ரெண்டு பேத்தி இருக்கு சார்."

"காலோஜெரோ, நீங்க பதினெட்டா செஞ்சீங்க."

"நான் இதெல்லாம் நம்பறதில்ல சார்! சுத்தமா நம்பறதில்ல! ஆனா எதுக்கு வம்பு?"

"ஒரு மில்லிமீட்டர்தானேன்னு ரெண்டு பேரும் நெனச்சீங்க. ஒருத்தருக்கொருத்தர் பேசியிருந்தா ரெண்டும் பதினாறாவோ ரெண்டும் பதினெட்டாவோ வந்திருக்கும். கதவும் மூடியிருக்கும், கேக்கும் பொழச்சிருக்கும்."

ஸ்பிண்டன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் காதுகள் சிவந்தன. "நான்கு வருடங்கள்! ஒருவராவது என்னிடம் சொல்லியிருக்கலாமே?"

எப்படிச் சொல்வது? நாங்கள் இன்ஜின் செய்கிற ஊர்க்காரர்கள், கணக்கும் விஞ்ஞானமும் படித்தவர்கள். ஒரு எண்ணைப் பார்த்தால் இரும்பைத் தேடுகிறோம் என்று ஒரு சூரிச்காரரிடம் சொல்வதை விட நாலு வருட வேலையைக் கெடுத்துக்கொள்வது மேல் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக முடிவு செய்திருக்கிறார்கள்.

"அப்ப நீ?" தலைவர் நிவேஸைக் கேட்டார். "உனக்குப் பயமில்லையா?"

"பயம்தான் ஐயா. அத எழுதின அன்னிக்கு ராத்திரி பூரா தூங்கல. ஆனா கணக்கு அப்படித்தான் வந்துது. வேற எண் எழுதினா கதவு மூடாதே."

தலைவர் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆறு பேரும் காத்திருக்காங்க" என்றார், ரொம்பச் சின்னக் குரலில். "இப்ப என்னம்மா பண்றது? மறுபடி அந்த எண்ணுக்குச் செய்யச் சொன்னா இவங்க மறுபடி இதத்தான் பண்ணுவாங்க."

நிவேஸ் மேஜையில் வைத்த பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டாள்.

"பதினாறு போதும் ஐயா. அடியில ஒரு மில்லிமீட்டர் வாஷர் ஒண்ணு. ரெண்டு பக்கமும்."

பட்டறை மூச்சு விட்டது. கௌதென்ஸியோ தன் மேஜைக்குக் கீழே குனிந்து துணியில் சுற்றிய ஒரு கட்டையை எடுத்தார். பதினாறில் ஒன்று உபரியாகச் செய்து வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு எதிர் மேஜைக்குப் போய், மூன்று வருடத்தில் முதல் வார்த்தையைப் பேசினார்.

"இந்தா."

"அன்னிக்கு நீ சீட்டைப் பாத்தே" என்றார் காலோஜெரோ, அதை வாங்கிக்கொண்டு.

"பாத்தேன்."

காலோஜெரோவின் கண் கலங்கியது. வாஷர் போட்டு, திருகி, முடுக்க இருபது நிமிடம் ஆயிற்று. எர்சீலியாவின் மிட்டாய்ப் பெட்டியை டிக்கியில் வைத்து, தலைவரே காரை ஓட்டிக்கொண்டு போய் தேவாலயத்துக்கு எதிரே டிராம் தண்டவாளத்தில் ஆறு தடவை ஏறி இறங்கினார். கதவு அசையவில்லை. நாய் மட்டும் காரின் பின்னாலேயே நம்பிக்கையோடு ஓடி வந்து ஏமாந்து திரும்பியது.

ஒப்புதல் தாளை மர மேஜையில் விரித்தார்கள். நிர்வாகக் குழு கையெழுத்துப் போட்டது. கூடவே பின்பக்கத்தின் டிராயிங். 'வரைந்தவர்' கட்டத்தைத் தலைவர் விரலால் காட்டினார்.

"எழுதும்மா. முழுப் பேரும்."

நிவேஸ் காலேசியோ என்று எழுதினாள். மெதுவாக, கட்டத்தின் கோட்டைத் தாண்டாமல். நான் மூக்கைச் சிந்திக்கொண்டேன். பெர்னேங்கோ கூரையைப் பார்த்தார்.

மிச்சம் இருந்தது தலைவரின் கையெழுத்தும் தேதியும். பேனா தேதிக் கட்டத்துக்கு மேல் நின்றது. அவர் சுவர் நாட்காட்டியைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அன்று காலையிலிருந்து நாற்பது பேரும் பார்க்காமல் தவிர்த்த நாட்காட்டி அது. வெள்ளிக்கிழமையும் அந்த எண்ணும் சேர்ந்து வருகிற நாளில் எங்கள் ஊரில் யாரும் முடி கூட வெட்டிக்கொள்ள மாட்டார்கள்.

"இந்தத் தேதிய யார் குறிச்சது?" என்றார் தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நான்தான்" என்றார் ஸ்பிண்டன் பெருமையாக. "ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை."

நிவேஸ் பேனாவை வாங்கினாள். தேதிக் கட்டத்தில் எழுதினாள்: 'செப்டம்பர் 16, ஒரு வாஷர்.'

பட்டறை கை தட்டியது. ஸ்பிண்டன் மட்டும் புருவத்தைச் சுருக்கிக் கட்டத்தை இரண்டு தடவை படித்தார்.

"அப்படியென்றால்" என்றார், "கூட்டினால் பதினேழுதானே வருகிறது?"

தலைவரின் கை தானாகப் பாய்ந்தது. மேஜையோ மரம். மேஜை மேல் இருந்த இரும்பு ஒன்றே ஒன்று, காகிதம் பறக்காமல் இருக்க நிவேஸ் இடது மேல் மூலையில் வைத்த எஃகுக் கட்டை. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா" என்றாள் நிவேஸ் தயங்கி. "அது... அதுதான் அது."

அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். விட்டால் இரும்பு போய்விடும். பிடித்தால் அந்த எண் கையில் இருக்கிறது. நெற்றியில் வியர்வை அரும்பியது. நாற்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

பிறகு அவர் முகம் மெல்லத் தெளிந்தது.

"ஒண்ணுக்கொண்ணு சரியாப் போச்சு" என்றார். வலது கையில் கட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு, இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்தைப் போட்டார்.